கால் வாட்டுக்காக எரியும் இருபத்திரண்டு வாட்

மழைக்காலத்தில் எங்கள் வீட்டுத் தீப்பெட்டி சமையலறையில் இருக்காது. கூடத்தில், நான் கல்லூரி முடித்த ஆண்டில் கட்டிய ஆம்ப்ளிஃபையரின் மேல்மூடியில் இருக்கும். நமத்துப்போன குச்சிகளை அரை மணி நேரம் அங்கே வைத்தால் முதல் உரசலிலேயே பற்றிக்கொள்ளும் என்பதை அம்மா எப்படியோ கண்டுபிடித்திருந்தார். ஒருநாள் பெட்டியை எடுக்க வந்தவர், மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "பாட்டே போடலியே கண்ணு, அப்புறம் எதுக்கு இது சுடுது?" என்று கேட்டார். மின்னணுவியல் படித்தவன் என்ற மிதப்பில் "அது அப்படித்தாம்மா" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. இந்தக் கட்டுரை ஏறக்குறைய அந்தப் பதில்தான்.

அந்த ஆம்ப்ளிஃபையர் கோயம்புத்தூரில் அன்றைக்குப் பலரும் கட்டிய வகையைச் சேர்ந்தது. 24-0-24 டிரான்ஸ்ஃபார்மர், பிளஸ் மைனஸ் 32 வோல்ட் சப்ளை, ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு 2என்3055 டிரான்சிஸ்டர், அதற்கு ஜோடியாக ஒரு எம்ஜே2955, எமிட்டரில் 0.22 ஓம் ரெசிஸ்டர்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் வரை கொடுக்கும். தொலைக்காட்சியின் ஒலியும் அதன் வழியாகவே வந்ததால் அதை யாரும் அணைத்ததே இல்லை. சுவரில் செருகி மின்நுகர்வை அளக்கும் சிறு மீட்டர் ஒன்று கைக்கு வந்தபோதுதான் முதன்முறையாக அதை அளந்து பார்த்தேன். பாட்டு இல்லாதபோது 22 வாட். பாட்டுப் போட்டேன், அப்போதும் 22 வாட். வீட்டில் வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு ஒலியைக் கூட்டிய பிறகும் முள் நகரவில்லை என்றே சொல்ல வேண்டும். தவில் ஓங்கி விழுந்த இடங்களில் மட்டும் 23, 24 என்று ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

22 வாட் என்பது பெரிய எண் அல்ல, பழைய குண்டு பல்பு இதைவிட அதிகம் தின்றது என்று நினைக்கலாம். ஆனால் நாள் முழுவதும் எரிந்தால் ஆண்டுக்கு 193 யூனிட் ஆகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் கணக்கெடுக்கும் நம் ஊர் முறைப்படி பார்த்தால் தவணைக்கு 32 யூனிட். வீடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை, யாரும் பாட்டுக் கேட்காத நேரத்தில் ஓர் இரும்புப் பெட்டி தீப்பெட்டி உலர்த்தச் செலவழித்துக்கொண்டிருந்தது.

இனி, ஸ்பீக்கருக்கு உண்மையில் எவ்வளவு போயிற்று என்று கணக்குப் போட வேண்டும். என் ஸ்பீக்கரின் உணர்திறன் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல். நான் உட்காரும் இடம் இரண்டரை மீட்டர் தள்ளி. தூரத்தால் 8 டெசிபல் குறைகிறது, இரண்டு ஸ்பீக்கரும் அறைச் சுவர்களும் சேர்ந்து அதில் கொஞ்சத்தைத் திருப்பித் தருகின்றன. பக்கத்தில் இருப்பவரிடம் சற்றுக் குரலை உயர்த்திப் பேசவேண்டிய அளவான 75 டெசிபல் சராசரிக்கு ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் சுமார் 0.2 வாட் போதுமானதாக இருக்கிறது. கால் வாட்கூட இல்லை. இசையின் உச்சங்கள் சராசரியைவிட 15 டெசிபல் மேலே போகும் என்று வைத்தால் 6 வாட், நல்ல மிருதங்கத் தனி ஒலிப்பதிவில் 20 டெசிபல் போனால் 20 வாட். அந்த 20 வாட்டும் சில மில்லிவினாடிகளுக்கு மட்டுமே தேவைப்படுகிறது. ஆகவே 50 வாட் ஆம்ப்ளிஃபையர் என்று நாம் பெருமையாகச் சொல்லும் ஒன்று தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கால் வாட்டுக்குக் கீழே கழிக்கிறது. மின்சிக்கனத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் முழுச் சக்தியில் எத்தனை சதவீதம் என்று பேசுகிறார்கள்; வடிவமைப்பவன் கவலைப்பட வேண்டியது இந்தக் கால் வாட்டைப் பற்றி என்பதுதான் என் கட்சி.

பாடப்புத்தகத்தில் உள்ள எண்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. வெளியீட்டு டிரான்சிஸ்டர் ஒருபோதும் அணையாமல் ஓடும் கிளாஸ் ஏ அமைப்பின் உச்ச வரம்பு, சுமையை ரெசிஸ்டர் வழியாக இயக்கினால் 25 சதவீதம், டிரான்ஸ்ஃபார்மர் வழியாகவோ, ஒன்று தள்ள இன்னொன்று இழுக்கும் டிரான்சிஸ்டர் ஜோடியான புஷ்-புல்லாகவோ இயக்கினால் 50 சதவீதம். அலையின் ஒரு பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் மறுபாதியை இன்னொன்றும் ஏற்கும் கிளாஸ் பி என்றால் 78.5 சதவீதம். ஆனால் இவையெல்லாம் சைன் அலை சப்ளையின் விளிம்பைத் தொடும் நிலைக்கான எண்கள். கிளாஸ் பி-யில் வெளியீட்டு வோல்ட்டேஜ் குறையக் குறையச் செயல்திறனும் அதே விகிதத்தில் குறைகிறது. 8 ஓம்மில் 0.2 வாட் என்பது 1.8 வோல்ட் உச்சம். 32 வோல்ட் சப்ளையில் அதை எடுத்தால் செயல்திறன் வெறும் 4.4 சதவீதம், அதாவது 0.2 வாட்டுக்கு நாலரை வாட். இசை இல்லாதபோதும் டிரான்சிஸ்டர்களில் ஓடவிடும் பயஸ் மின்னோட்டமே இல்லாத, நடைமுறையில் யாரும் காதில் வாங்க விரும்பாத ஒரு கிளாஸ் பி-க்கே இந்தக் கதி.

இங்கே ஒரு சிறு இடைச்செருகல். அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1974-இல் ஆம்ப்ளிஃபையர் விளம்பரங்களுக்கு விதி வகுத்தபோது, அளப்பதற்கு முன் ஒரு மணி நேரம் மூன்றில் ஒரு பங்குச் சக்தியில் ஓட்ட வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. கிளாஸ் பி-யில் டிரான்சிஸ்டர்கள் மிக அதிகமாகச் சூடாகும் நிலை முழுச் சக்தியில் அல்ல, ஏறக்குறைய 40 சதவீதச் சக்தியில் வருகிறது; மூன்றில் ஒரு பங்கு அதற்கு மிக அருகில். அந்த விதியில் தேறவேண்டும் என்பதற்காகவே சூட்டை வெளியேற்றும் அக்கால ஹீட் சிங்குகள் ஆளை அடிக்கும் பருமனில் இருந்தன. அந்தப் பக்கம் அப்படி ஒரு கண்டிப்பு இருக்க, இந்தப் பக்கம் நம் கடைத்தெருவில் உள்ளங்கை அகலப் பெட்டியின் மேல் "5000 வாட் பிஎம்பிஓ" என்று, கண நேர உச்சத்தைச் சொல்வதாகப் பேர் பண்ணும் ஸ்டிக்கர் ஒட்டி விற்ற காலமும் இருந்தது.

அம்மாவின் கேள்விக்குத் திரும்புகிறேன். பாட்டுப் போடாதபோது ஏன் சுட்டது? பயஸ் மின்னோட்டத்தால். நேர்ப் பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் எதிர்ப் பாதியை இன்னொன்றும் ஏற்று நடத்தும் அமைப்பில், ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் பொறுப்பு மாறும் இடம், அதாவது அலை பூச்சியத்தைக் கடக்கும் இடம், சீராக இருக்க வேண்டுமானால் இருவரும் அந்த நேரத்தில் கொஞ்சம் கொஞ்சம் விழித்திருக்க வேண்டும். எவ்வளவு விழித்திருக்க வேண்டும் என்பதற்கு ஹ்யூலெட்-பேக்கார்டின் பார்னி ஆலிவர் 1971-இல் ஒரு தெளிவான விடை கொடுத்தார். எமிட்டர் ரெசிஸ்டர் ஒவ்வொன்றின் குறுக்கேயும் சுமார் 26 மில்லிவோல்ட் நின்றால் கைமாற்றம் மிகச் சீராக இருக்கும். 0.22 ஓம்முக்கு அது 118 மில்லிஆம்ப். மேலிருந்து கீழ்வரை 64 வோல்ட்டில் அந்த மின்னோட்டம் ஓடினால் சேனலுக்கு 7.6 வாட், இரண்டுக்கும் 15. முன்நிலைகளுக்கு 2 வாட், மீதி டிரான்ஸ்ஃபார்மர் தன் இரும்பிலும் செம்பிலும் எடுத்துக்கொண்டது. 22-க்குக் கணக்கு முடிந்தது.

மீட்டர் முள் பாட்டுக்கு அசையாததற்கும் இதிலேயே விடை இருக்கிறது. புஷ்-புல்லில் பயஸ் மின்னோட்டத்தின் இரு மடங்கு உச்சம் வரை இரண்டு டிரான்சிஸ்டர்களும் அணையாமல் வேலை செய்கின்றன. 118 மில்லிஆம்ப்பின் இரு மடங்கு 236. 8 ஓம்மில் அது 0.22 வாட். நான் கேட்கும் சராசரி 0.2. ஆக, ஏ-க்கும் பி-க்கும் இடைப்பட்ட கிளாஸ் ஏபி என்று நான் கட்டிய பெட்டி என் வீட்டில் பெரும்பாலும் அசல் கிளாஸ் ஏ-வாகவே ஓடிக்கொண்டிருந்தது. இசை எவ்வளவு எடுத்தாலும் சப்ளையிலிருந்து போவது மாறவில்லை. அது இனிமையாகப் பாடியதில் வியப்பில்லை, ஆனால் அந்த இனிமைக்கான செயல்திறன் 2 சதவீதத்துக்கும் கீழே.

சிக்கனத்துக்கான முதல் வழி கண்ணுக்கு முன்னால் இருந்தது: பயஸ் மின்னோட்டத்தைச் சரிசெய்யும் பிரிசெட்டைத் திருகிக் குறைத்தால் போதும். 118-ஐ 15 மில்லிஆம்ப்புக்கு இறக்கினேன். சுவர் மீட்டர் 9-க்கும் கீழே இறங்கியது. வெற்றி என்று நினைத்துத் தம்புரா ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டுக் கேட்டேன்; ஒரு குறையும் தெரியவில்லை. பிறகுதான் நான் தேர்ந்தெடுத்த சோதனை தவறானது என்று உறைத்தது. தம்புராவின் ஒலியில் ஜீவா நூல் எழுப்பும் மேல்சுரங்கள் ஏற்கெனவே அடர்ந்து கிடக்கின்றன. அவற்றுக்கு நடுவில் ஆம்ப்ளிஃபையர் சேர்க்கும் நாலு சிதைவுச் சுரங்களை யாரால் பிரித்துக் கேட்க முடியும்? புல்லாங்குழலில் கீழ் ஸ்தாயியில், வாசிப்பவர் மூச்சை அடக்கி மெல்ல இழைக்கும் ஒரு நீண்ட பஞ்சமத்தைப் போட்டேன். சைன் அலைக்கு மிக நெருங்கிய அந்தச் சுரத்தின் ஓரத்தில், வெள்ளைத் துணியில் ஒட்டிய நெருஞ்சி முள் போல, ஒரு மெல்லிய உரசல் இருந்தது. ஆசிலாஸ்கோப்பில் மூல அலையைக் கழித்துவிட்டு எஞ்சியதைப் பார்த்தபோது, ஒவ்வொரு பூச்சியக் கடப்பிலும் ஊசி ஊசியாக நின்றது.

பூச்சியக் கடப்பில் வரும் இந்தக் கிராஸ்ஓவர் சிதைவின் கெட்ட குணம் இதுதான். மற்றச் சிதைவுகள் ஒலி கூடும்போது கூடி, குறையும்போது குறையும். இது மட்டும் ஒலி குறையும்போது விகிதத்தில் பெரிதாகிறது. வெளியீட்டை உள்ளீட்டோடு ஒப்பிட்டுப் பிழையைச் சரிசெய்யும் பின்னூட்டம் இருக்கிறதே, அது திருத்தாதா என்று கேட்கலாம். பெல் ஆய்வகத்தின் ஹெரால்டு பிளாக் 1927 ஆகஸ்ட் 2 அன்று வேலைக்குப் போகும் படகில், கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் மீதே எழுதிவைத்த எதிர்ப் பின்னூட்டம் இல்லாமல் இன்றைய ஆம்ப்ளிஃபையர்களில் பெரும்பாலானவை இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த ஊசிகள் கூர்மையானவை, உயர் அதிர்வெண்களால் ஆனவை. பின்னூட்டத்தின் வலு அதே உயர் அதிர்வெண்களில்தான் தேய்ந்து போகிறது. போதாக்குறைக்கு டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் வோல்ட்டேஜ் ஒவ்வொரு டிகிரிக்கும் 2 மில்லிவோல்ட் குறைவதால், குளிர்ந்த பெட்டியில் பொறுக்கி வைத்த பயஸ் சூடான பெட்டியில் வேறாகிவிடும். பிரிசெட்டை மறுபடி 26 மில்லிவோல்ட்டுக்குத் திருகி வைத்தேன். தீப்பெட்டிக்குப் பழைய வாழ்வு திரும்பியது.

இரண்டாவது வழியாகக் கிளாஸ் ஜி-யைக் கொஞ்ச காலம் யோசித்தேன். 1970களின் பிற்பகுதியில் ஹிட்டாச்சி வீட்டு ஆம்ப்ளிஃபையர்களில் கொண்டுவந்த முறை அது. சாதாரண நேரத்தில் சிறிய சப்ளையிலிருந்து எடுத்துக்கொண்டு, உச்சம் வரும்போது மட்டும் பெரிய சப்ளைக்குத் தாவ வேண்டும். என் கணக்கில் சிறிய சப்ளை பிளஸ் மைனஸ் 12 வோல்ட் என்றால் 10 வோல்ட் உச்சம், அதாவது 6 வாட் வரை அதுவே பார்த்துக்கொள்ளும்; 15 டெசிபல் உச்சங்கள் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். அதே 118 மில்லிஆம்ப் பயஸ் இப்போது 24 வோல்ட்டில் ஓடுவதால் சேனலுக்கு 7.6 வாட்டுக்குப் பதில் 2.8 தான். ஒலித்தரத்தில் கைவைக்காமல் வீணாவதை மட்டும் வெட்டும் மிக நேர்மையான முறை இது என்று இன்றும் நினைக்கிறேன். சப்ளை தாவும் இடத்தில் டயோடு அணையத் தாமதித்தால் ஒரு துணுக்குச் சிதைவு வரும். வேகமாக அணையும் ஷாட்கி டயோடு போட்டால் அதுவும் பெரும்பாலும் தீரும். ஆனால் நாலு சப்ளை, இரட்டிப்பு டிரான்சிஸ்டர், அவ்வளவையும் பழைய பெட்டிக்குள் அடைப்பது என் பொறுமைக்கு மீறியதாக இருந்தது. இதே தத்துவம் இன்று செல்பேசியின் ஹெட்ஃபோன் ஐசிக்குள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன்.

மூன்றாவது வழி கிளாஸ் டி. டிரான்சிஸ்டரை அரைகுறையாகத் திறந்து வைப்பதால்தானே சூடு; ஒன்று முழுதாகத் திற, அல்லது முழுதாக மூடு, அந்தத் திறப்பு மூடல்களின் கால அகலத்தில் இசையை எழுது, கடைசியில் ஒரு காயிலும் கண்டென்சரும் வைத்து வேகமான துடிப்பை வடிகட்டிவிடு என்பது அதன் சாரம். எண்ணம் பழையது. இங்கிலாந்தில் சின்க்ளேர் நிறுவனம் 1964-லேயே எக்ஸ்-10 என்ற பெயரில் இதைக் கிட்டாக விற்றது. அக்கால டிரான்சிஸ்டர்களுக்கு அவ்வளவு வேகமாகத் திறந்து மூடத் தெரியாததால் அது அறிவித்த 10 வாட்டுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. வேகமாகத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டர்கள் தேறிய பிறகு, 1995-இல் தொடங்கிய டிரைபாத் நிறுவனத்தின் டிஏ2020 சில்லு மலிவான பெட்டிகளில் நுழைந்து, கிளாஸ் டி என்றால் சப்வூஃபருக்குத்தான் லாயக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களைக் காது கொடுத்துக் கேட்க வைத்தது. 2007-இல் அந்த நிறுவனம் திவாலானது. சில்லின் பெயர் மட்டும் நிலைத்தது.

நான் சென்னை ரிச்சி தெருவில் வாங்கியது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3116 ஐசி வைத்த ஒரு ஸ்டீரியோ போர்டு. கடைக்காரரிடம் ஹீட் சிங்க் இவ்வளவு சிறியதாக இருக்கிறதே என்று கேட்டபோது, "இது சூடே ஆகாதுண்ணே, தொண்ணூறு பர்சன்ட்" என்று உறுதியாகச் சொன்னார். ஐசியைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. வீட்டுக்கு வந்து 24 வோல்ட் கொடுத்து, பாட்டு எதுவும் போடாமல் பத்து நிமிடம் விட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஹீட் சிங்க் வெதுவெதுப்பாகக்கூட இல்லை. பக்கத்திலிருந்த காயிலில் விரல் பட்டதும் கையை இழுத்துக்கொண்டேன். மஞ்சள் வண்ணம் பூசி, ஒரு முகத்தில் மட்டும் வெள்ளை அடித்த நாலு வளையக் காயில்கள். அவற்றை போர்டில் ஒட்டியிருந்த பசை இளகி, சூடான மெழுகின் வாசனை வந்தது. பாட்டே இல்லாதபோது சுடுவது இடம் மாறியிருந்தது, நின்றிருக்கவில்லை. 24 வோல்ட்டில் போர்டு 140 மில்லிஆம்ப் எடுத்துக்கொண்டிருந்தது, அதாவது 3.4 வாட்.

காரணத்தைக் கணக்கு காட்டிக்கொடுத்தது. இசை இல்லாதபோதும் ஐசியின் ஒவ்வொரு வெளியீட்டுக் காலும் நொடிக்கு 4 லட்சம் முறை 0-க்கும் 24 வோல்ட்டுக்கும் இடையே துள்ளுகிறது. அந்தத் துள்ளலைத் தாங்கும் காயிலில் ஒரு முக்கோண ரிப்பிள் மின்னோட்டம் ஏறி இறங்குகிறது. 400 கிலோஹெர்ட்ஸ், 10 மைக்ரோஹென்றி, 24 வோல்ட் என்றால் அதன் உயரம் 1.5 ஆம்ப். அது ஸ்பீக்கருக்குப் போவதில்லை, கண்டென்சரோடு விளையாடிவிட்டுத் திரும்பி வருகிறது. ஐசியிலும் செம்புக் கம்பியிலும் அது வீணாக்குவது காலுக்கு 30 மில்லிவாட் சொச்சம்தான். மீதியெல்லாம் காயிலின் வளையத்துக்குள் எரிகிறது. மஞ்சள்-வெள்ளை இரும்புத்தூள் வளையம் கணினிப் பவர் சப்ளைகளில் வெளியீட்டுக் காயிலாக மலிவாகக் கிடைக்கும் சரக்கு. நூறு கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இவ்வளவு பெரிய ரிப்பிளைக் கொடுத்தால் அது காயில் என்பதை மறந்து அடுப்பாகிவிடும். போர்டு செய்தவர் மைக்ரோஹென்றியைப் பார்த்தார், வளையத்தின் சரக்கைப் பார்க்கவில்லை.

தீர்வாக ஃபெரைட்டில் சுற்றிய, உறையிட்ட காயில்களுக்கு மாறினேன், அதோடு மதிப்பை 10-லிருந்து 22 மைக்ரோஹென்றிக்கு உயர்த்தினேன். ரிப்பிள் 1.5 ஆம்ப்பிலிருந்து 0.68-க்கு இறங்கியது, போர்டு எடுப்பது 60 மில்லிஆம்ப், 1.4 வாட்டாகக் குறைந்தது. சுவரில், அடாப்டரின் இழப்பையும் சேர்த்து, 2.3 வாட். 22 எங்கே, 2.3 எங்கே. இதிலும் ஒரு வேடிக்கையைச் சொல்லியாக வேண்டும். அறைக்குப் போகும் 0.4 வாட்டையும் தன் செலவான 1.4-ஐயும் சேர்த்துப் பார்த்தால், தொண்ணூறு சதவீதம் என்று கடைக்காரர் சொன்ன ஐசியின் செயல்திறன் என் கூடத்தில் 22 சதவீதம்தான்.

22 மைக்ரோஹென்றிக்கு ஒரு விலையும் உண்டு. கிளாஸ் டி வடிவமைப்பில் எனக்கு மிகப் பிடித்த முரண் அது. மேல் மாஸ்ஃபெட்டும் கீழ் மாஸ்ஃபெட்டும் ஒரே நேரத்தில் திறந்தால் சப்ளையே குறுக்குச் சுற்றாகிவிடும் என்பதால், ஒன்று மூடியபின் மற்றது திறக்கும்வரை சில நானோவினாடிகள் இரண்டையும் மூடிவைக்கிறார்கள். இந்த டெட் டைம்தான் கிளாஸ் டி-யின் சிதைவுகளில் பெரிய பங்கை உண்டாக்குகிறது. ஆனால் இசையின் மின்னோட்டம் ரிப்பிளின் உச்சத்தைவிடச் சிறியதாக இருக்கும்வரை, ரிப்பிளே வெளியீட்டு முனையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக் கொடுத்துவிடுவதால் டெட் டைம் ஏறக்குறைய தீங்கற்றதாகிவிடுகிறது. பழைய 10 மைக்ரோஹென்றியில் அந்தப் பாதுகாப்பு 0.75 ஆம்ப் உச்சம் வரை, அதாவது 2.25 வாட் வரை இருந்தது. 22-க்கு மாறியதும் அரை வாட்டுக்குச் சுருங்கிவிட்டது. சும்மா வீணாகிறது என்று நான் திட்டிய ரிப்பிள், கிளாஸ் ஏபி-யில் பயஸ் மின்னோட்டம் செய்த அதே வேலையை இங்கே வேறு வேடத்தில் செய்துகொண்டிருந்திருக்கிறது. சராசரி 0.2 வாட் இன்னும் பாதுகாப்புக்குள் இருக்கிறது, உச்சங்கள் வெளியே போகின்றன. உச்சங்களில் காதும் அவ்வளவு கறாராக இருப்பதில்லை என்பதால் இந்தப் பேரத்தை ஏற்றுக்கொண்டேன். காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர்கள் மேல் எனக்கு ஆசை வரக் காரணமும் இதுதான்: அணையும்போது வெளியேறக் காத்திருக்க வேண்டிய மீள்நிலை மின்னேற்றம் இல்லாததால் அவற்றில் டெட் டைமை இன்னும் குறுக்க முடியும்.

ஒலித்தரத்துக்கு வருவோம். போர்டை முதன்முதலில் ஸ்பீக்கரில் கொடுத்தபோது, "பஜனைப் பதிவில் ஜால்ரா கூர்மையாகக் குத்துகிறது" என்று நோட்டில் எழுதினேன். பிறகு இரண்டு ஆம்ப்ளிஃபையரின் ஒலியளவையும் 0.1 டெசிபலுக்குள் சமமாக்கி (மலிவான மல்டிமீட்டர் 1 கிலோஹெர்ட்ஸில் பொய் சொல்லும், 100 ஹெர்ட்ஸ் தொனியில் சொல்லாது), அண்ணன் மகளைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்து, எது ஓடுகிறது என்று எனக்குச் சொல்லாமல் மாற்றச் சொன்னேன். 16 முறையில் 9 முறை சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவு வரும். என் ஜால்ராக் கூர்மை வெறும் ஒலியளவு வேறுபாடு. "சித்தப்பா, இப்ப நீங்க மாத்துங்க, நான் கேக்கறேன்" என்று அவள் இடம் மாறினாள். 12 முறை சரியாகச் சொன்னாள். 12 என்பது எதையும் நிரூபிக்கும் எண் அல்ல, ஆனால் பதினெட்டு வயதுக் காதைப் பற்றியது என்பதால் யோசிக்க வைத்தது.

வடிகட்டியை அளந்தபோது அவள் பக்கம் நியாயம் இருப்பது தெரிந்தது. அது 10 மைக்ரோஹென்றிக் காயில்கள் இருந்த காலம். 0.68 மைக்ரோஃபாரட் கண்டென்சருடன் வடிகட்டி தடுக்கத் தொடங்கும் முனை 61 கிலோஹெர்ட்ஸில் இருந்தது. 4 ஓம் சுமை கொடுத்தால் 20 கிலோஹெர்ட்ஸில் 0.8 டெசிபல் குறைவு. 8 ஓம் கொடுத்தால் அரை டெசிபல் கூடுதல். என் ஸ்பீக்கரின் ட்வீட்டர் அந்த இடத்தில் 16 ஓம் வரை ஏறுவதால் ஏறக்குறைய 0.9 டெசிபல் கூடுதல். ஆம்ப்ளிஃபையரின் உச்சஸ்தாயி ஸ்பீக்கரைப் பொறுத்து மாறுகிறது; கிளாஸ் டி-யில் ஒருவருக்குக் கூர்மை, இன்னொருவருக்கு மந்தம் என்று மாறுபட்ட தீர்ப்புகள் வருவதில் ஒரு பங்கு இதனால்தான் இருக்க வேண்டும். 22 மைக்ரோஹென்றிக்கு மாறியதும் முனை 41 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கி, 8 ஓம்முக்கு மேடு பள்ளம் இல்லாத சரியான தணிப்பு அமைந்தது. 20 கிலோஹெர்ட்ஸில் கால் டெசிபல் குறைவு மட்டும். மறுபடி உட்கார்ந்த அண்ணன் மகளுக்கு 16-க்கு 8. மின்சாரத்தை மிச்சப்படுத்த மாற்றிய அதே காயில் 8 ஓம் சுமையில் ஒலியையும் சீராக்கியது. இப்படி இரட்டை லாபம் கிடைப்பது அரிது, அதிர்ஷ்டம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

முறையான தீர்வு வேறு இடத்தில் இருக்கிறது. இந்த ஐசியின் பின்னூட்டம் வடிகட்டிக்கு முன்னாலேயே எடுக்கப்படுவதால், காயிலும் ஸ்பீக்கரும் சேர்ந்து செய்யும் குறும்பு அதன் கண்ணுக்குத் தெரியாது. பிலிப்ஸில் பணியாற்றிய பெல்ஜியப் பொறியாளர் புரூனோ புட்சேஸ் 2001 வாக்கில் உருவாக்கிய யுசிடி அமைப்பு, பின்னூட்டத்தை வடிகட்டிக்குப் பின்னால், ஸ்பீக்கர் முனையிலிருந்தே எடுத்து, வடிகட்டி உண்டாக்கும் கட்ட நகர்வையே, அதாவது அலை பின்தங்குவதையே, தன் அலைவுக்குப் பயன்படுத்திக்கொண்டது. எந்த ஸ்பீக்கரை மாட்டினாலும் ஒரே உச்சஸ்தாயி. பின்னர் ஹைபெக்ஸ் நிறுவனத்தில் வந்த என்கோர், 2019-இல் பியூரிஃபை நிறுவனம் வெளியிட்ட ஐகன்டாக்ட் எல்லாம் அதே வழியில் பின்னூட்டத்தின் வலுவை மேலும் மேலும் கூட்டியவை. சிதைவை அளக்கும் கருவியே திணறும் இடத்துக்கு அவை போய்விட்டன. கிளாஸ் டி-யில் ஒலித்தரத்துக்கு விலை கொடுத்தே ஆகவேண்டும் என்ற வாதத்துக்கு அத்துடன் பொருள் இல்லாமல் போயிற்று என்பது என் தீர்ப்பு.

ரிச்சி தெரு போர்டில் இன்னும் இரண்டு சில்லறை வேலைகள் இருந்தன. ஒன்று இரைச்சல். ட்வீட்டர் பக்கம் காதை வைத்தால் மழை தூரத்தில் பெய்வது போன்ற சளசளப்பு. போர்டு செய்தவர் ஐசியின் பெருக்கத்தை 32 டெசிபலில் வைத்திருந்தார்; என் சிடி பிளேயர் 2 வோல்ட் தருகிறது, 20 டெசிபல் பெருக்கினாலே 20 வோல்ட், இந்தச் சப்ளை அதைக்கூடத் தாங்காது. இரண்டு ரெசிஸ்டரை மாற்றியதும் மழை நின்றது. மற்றது அப்பாவின் வானொலி. ஐசியின் வேகத்தை 500 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பார்த்த நாளில், சமையலறையில் கோவை வானொலியில் ஒரு விசில் கேட்டது. கோவை நிலையத்தின் மத்திய அலை 999 கிலோஹெர்ட்ஸ். 500-இன் இரு மடங்கு 1000. இரண்டும் உரசிக்கொண்டு, ஐசி சூடேறச் சூடேற விசிலின் சுருதி மெல்ல வழுக்கிக்கொண்டே போனது. 400-க்குத் திரும்பினேன்.

கடைசியாகத் தானாக அணையும் வசதி. பத்து நிமிடம் ஒலி வராவிட்டால் போர்டை உறங்கவைக்கும் சிறு சுற்று ஒன்றைச் சேர்த்தேன். உறக்கத்தில் சுவரில் அரை வாட்டுக்கும் கீழே. ஒரு வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஓர் இரவு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பின் ஒலியை மிகக் குறைத்து வைத்து வீணைத் தானம் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். முழுதாக ஒலித்தால் அது தாராளமாக வரம்பைத் தாண்டியிருக்கும்; அந்த அளவில் சுற்றுக்கு அது அமைதியாகத் தெரிந்திருக்கிறது. தந்தியை மீட்டி, அதிர்வு அடங்கும்வரை கலைஞர் காத்திருந்த இடத்தில், டக் என்று ரிலே விழுந்து அறை மௌனமானது. வரம்பைக் குறைத்தேன், தொலைக்காட்சிப் பெட்டியின் இரைச்சலே போதுமானதாகி, போர்டு உறங்கவே மறுத்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு எண்ணைத் தேடி ஒரு மாதம் செலவழித்தபின் அந்தச் சுற்றைப் பிடுங்கிவிட்டு, முன்பலகையில் ஒரு சாதாரண சுவிட்சைப் பொருத்தினேன். தீப்பெட்டி இப்போது கேஸ் அடுப்புக்குப் பின்னால், சுவரோரம் இருக்கிறது.